போர்க்கால விமானப்படைத் தொப்பிகள்: தைப்பதற்கும் சேகரிப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானப்படைத் தொப்பியைத் திரும்பத் தைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களில் பலர் முதலில் வாங்குவது பேட்ஜ். அடுத்த வேலை, புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குவது. இரண்டும் கடைசியில் வர வேண்டியவை, வராமலே போனாலும் நஷ்டமில்லை. அந்தத் தொப்பிகள் படைக்கு வந்து சேர்ந்தபோது புத்தம்புதிதாகத்தான் இருந்தன. ஒப்பந்தம் எடுத்த தையல் ஆலைகளில் வேகமாக, துணியை மிச்சம்பிடித்து, ஆனால் கிழியாதபடி தைத்த பொருள் அது. அந்தத் துணியும் தையலும் சரியாக அமைந்தால், போட்டுத் துவைத்துப் போட்டாலே பழமை வந்துவிடும். தையல் தப்பாக இருந்தால் எத்தனை சாயம் பூசினாலும் நாடகக் கம்பெனித் தொப்பி மாதிரிதான் தெரியும்.

இங்கே பெரும்பாலும் அமெரிக்க ராணுவ விமானப்படையின் தொப்பிகளைப் பற்றியே பேசப்போகிறேன். படங்களும் ஆவணங்களும் அதிகம் கிடைப்பது அவற்றுக்கே. இன்று சந்தையில் இருக்கும் நல்ல ரீப்ரோக்களிலும் (பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல்களிலும்) அவையே அதிகம்.

எந்தத் தொப்பி?

1926-இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு உருவானது, 1941 ஜூன் 20-இல் அது ராணுவ விமானப்படை என்ற பெயரைப் பெற்றது, 1947 செப்டம்பர் 18-இல் தனிப் படையானது. சேகரிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் நடுவில் உள்ள அந்த ஆறேழு ஆண்டுப் பொருள்களைத்தான். வகைக்கு ஒரு எழுத்து, மாற்றத்துக்கு ஒரு எண் என்று விமானப்படை பெயர் வைத்தது.

ஏ-3 என்பது மெக்கானிக் தொப்பி. ஹெரிங்போன் ட்வில் என்ற பருத்தித் துணி, மென்மையான கூடு (தலையை மூடும் பகுதி), குட்டையான முன்மடல் (நெற்றிக்கு முன்னால் நீட்டும் பகுதி). இன்ஜினுக்குள் தலையை விட்டு வேலை செய்பவருக்கு நீளமான மடல் இடைஞ்சல், அதனால்தான் அந்தக் குட்டை. பி-1 என்பது கோடைக்காலப் பறக்கும் தொப்பி: காக்கிப் பருத்தி, நீண்ட முன்மடல். காக்பிட் கண்ணாடி வழியாக வரும் வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க அந்த நீளம். பி-2 குளிருக்கு: உள்ளே கம்பளி முடியோடு கூடிய செம்மறித்தோல், மடக்கி இறக்கும் காதுமடல். உயரத்தில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிப் பறந்தவர்கள் இவற்றைப் போட்டுக்கொள்ள முடியாது. அவர்களுக்கு ஏ-11 போன்ற தோல் ஹெல்மெட், கோடையில் துணியாலான ஏஎன்-எச்-15. ஏஎன் என்று தொடங்கினால் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொருள் என்று பொருள்.

இதோடு அதிகாரிகளின் 'கிரஷர்' தொப்பி. சீருடைத் தொப்பியின் மேல்வட்டத்தை விறைப்பாக வைத்திருக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஹெச்எஸ்-33 போன்ற ஹெட்செட்டை மாட்டுவார்கள். ஹெட்செட் அழுத்திய இரண்டு பக்கமும் தொங்கிப்போகும். அந்தத் தொங்கலே பின்னாளில் விமானியின் பெருமைச் சின்னமானது. பான்கிராஃப்ட் நிறுவனம் 'ஃப்ளைட்டர்' என்ற பெயரில் முதலிலேயே நசுங்கக்கூடிய மாதிரி செய்து விற்றது.

முதல் முயற்சிக்கு மெக்கானிக் பாணித் தொப்பியை எடுங்கள். தோல் ஹெல்மெட்டில் கை வைக்க வேண்டாம். அதில் தையல் பிசகினால் ஊசி போட்ட ஓட்டை நிரந்தரம். பருத்தியில் பிரித்துத் தைக்கலாம்.

மாதிரி சேகரிப்பு

ஒரு ஒப்பந்தக்காரர் தைத்தது போல இன்னொருவர் தைத்திருக்க மாட்டார். ஆகவே 'ஏ-3 இப்படித்தான் இருக்கும்' என்று ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று அசல் தொப்பிகளின் படங்களை, உள்பக்கம் திருப்பிய படங்கள் உட்பட, சேர்த்து வையுங்கள். ஓஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை தேசிய அருங்காட்சியகம், லண்டன் ஹெண்டனில் உள்ள ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகம் இரண்டும் பார்க்கக் கூடியவை. போர்க்கால உபகரணப் பட்டியலில் உடையும் பாராசூட்டும் 13-ஆம் வகுப்பில் வரும், 'கிளாஸ் 13' என்று தேடினால் படத்தோடு பட்டியல் கிடைக்கும்.

நிறத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள போர்த் தகவல் அலுவலகத்தின் வண்ணப்படங்களைப் பாருங்கள். ஆல்ஃபிரட் பால்மர், ஹோவர்ட் ஹோலெம் போன்றவர்கள் 1942 வாக்கில் விமான ஆலைகளிலும் தளங்களிலும் கோடாக்ரோம் ஃபிலிமில் எடுத்தவை, பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்கலாம். மடல் எந்தக் கோணத்தில் நிற்கிறது, கூடு எங்கே சுருங்குகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். ஸ்கேனில் நிறம் சற்று சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஏறியிருக்கலாம், அதனால் படத்தில் உள்ள வெள்ளைக் காகிதத்தையோ சட்டைக் காலரையோ பார்த்து மனதுக்குள் சரிசெய்துகொள்ளுங்கள்.

படத்தில் இருப்பதெல்லாம் விதிப்படி இருந்ததென்றும் நம்ப வேண்டாம். ஹிரோஷிமாவுக்குப் பறந்த எனோலா கே விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரர் ஜார்ஜ் கேரன் தலையில் இருந்தது புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் தொப்பி.

துணியும் நூலும்

ஹெரிங்போன் ட்வில் என்பது சாய்கோடுகள் இடமும் வலமும் மாறிமாறி வந்து மீன்முள் போலத் தெரியும் நெசவு. நூறு சதம் பருத்தி வேண்டும். எடை சதுர கெஜத்துக்கு 8 முதல் 9 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 270 முதல் 300 கிராம். இதைவிட மெல்லியதென்றால் கூடு தலையில் படுத்துவிடும், தடித்தால் உச்சியில் ஆறு தையலும் சேருமிடத்தில் மிஷின் திணறும். மீன்முள் பட்டையின் அகலத்தையும் பாருங்கள். அலங்காரத்துக்கு விற்கும் துணிகளில் பட்டை மிக அகலமாக இருக்கும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தில் இரண்டு காலம் உண்டு. 1941 வாக்கில் வந்த வேலை உடைகள் வெளிறிய சாம்பல் பச்சை. 1943-ஐ ஒட்டி அது அடர்ந்த ஆலிவுக்கு மாறியது. இரண்டையும் ஒரே தொப்பியில் கலக்காதீர்கள். சாயம் போட்டு நிறத்தைப் பிடிப்பதைவிட, நெருங்கிய நிறத்தில் துணி தேடுவது நல்லது. சாயம் போட்டே ஆக வேண்டுமென்றால், சிறு துண்டில் போட்டு, முழுக்கக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ஈரத் துணி எப்போதும் கருமையாகத்தான் தெரியும்.

வெட்டும் முன் துணியைச் சூடான தண்ணீரில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருக்கம் எடுக்காத பருத்தி பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கலாம். 58 செ.மீ. தொப்பியில் அது ஐந்தாறு சைஸ் போவதற்குச் சமம்.

நூல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: பருத்தி நூல். பாலியஸ்டர் இழையின் காப்புரிமையே 1941-இல்தான் பதிவானது, அது தையல் நூலாகப் பரவலாக வந்தது போருக்கு அப்புறம். வரலாற்றுச் சரித்தன்மையை விடுங்கள், பார்வைக்கே வித்தியாசம் உண்டு. பருத்தி நூல் துணியோடு சேர்ந்து வெளுக்கும். பாலியஸ்டர் நூல் அப்படியே பளபளத்துக்கொண்டு, ஐந்தாறு துவைப்புக்குப் பிறகு வெளுத்த துணிமேல் தனியாக வரைந்த கோடு போல நிற்கும். துணியைவிட ஒரு சாயல் வேறுபட்ட நூல் பரவாயில்லை, அசலிலும் அப்படி வரும்.

மற்றவை: உள்பட்டிக்கும் தையல் மறைக்கும் நாடாவுக்கும் மெல்லிய பருத்தி ட்வில், முன்மடலுக்குள் வைக்கப் பருத்திக் கேன்வாஸ், 90-ஆம் எண் ஊசி, மடலுக்கு 100-ஆம் எண். பழைய சிங்கர் போன்ற நேர்த்தையல் மிஷின் இருந்தால் போதும். ஓவர்லாக் வேண்டாம், உள்ளே ஓவர்லாக் தெரிந்தால் அந்தக் காலம் போய்விடும். மிஷினே இல்லாமல் கையால் தைப்பவர்கள் பின்தையல் போடுங்கள். வெறும் ஓட்டுத்தையல் தாங்காது.

பேட்டர்ன் போடுவது

நெற்றியின் நடுவிலும் காதுக்குச் சற்று மேலும் டேப் படும்படி தலையை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க சைஸ் என்பது சுற்றளவை வட்டமாக்கினால் வரும் விட்டம், அங்குலத்தில்: 7 என்றால் 56 செ.மீ., 7⅛ என்றால் 57, 7¼ என்றால் 58, 7⅜ என்றால் 59, 7½ என்றால் 60. பின்னால் இழுத்து மாட்டும் பிளாஸ்டிக் பட்டை வைக்கிற யோசனையே வேண்டாம்.

இங்கே ஆறு துண்டுக் கூட்டை வைத்து விளக்குகிறேன். உங்கள் மாதிரியில் துண்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து அதன்படி வகுத்துக்கொள்ளுங்கள். தரைப்படையின் ஹெரிங்போன் தொப்பி மாதிரி கூட்டைச் சுற்றிலும் கொசுவம் வைத்துப் பட்டியில் பிடித்த வடிவம் வேறு, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

58 செ.மீ. தலைக்கு 1 செ.மீ. தளர்வு சேர்த்தால் 59. ஆறால் வகுத்தால் ஒரு துண்டின் அடி அகலம் 9.8 செ.மீ. தடித்த காகிதத்தில் நடுக்கோடு ஒன்று 16.5 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். அடியிலிருந்து முதல் 2.5 செ.மீ. வரை இரண்டு ஓரமும் நேராக ஏறட்டும், அகலம் 9.8 மாறாமல். அதற்கு மேல் உள்ள 14 செ.மீ.தான் தலையின் வளைவு. அந்த வளைவு தொடங்கும் இடத்திலிருந்து 4.7 செ.மீ. மேலே அகலம் 8.5, 7 செ.மீ. மேலே 6.9, 9.3 செ.மீ. மேலே 4.9, உச்சியில் பூஜ்யம். இந்தப் புள்ளிகளை இணைத்து மென்மையாக வளைத்தால் துண்டு தயார்.

உச்சியில்தான் விஷயம் இருக்கிறது. ஆறு முனைகள் சேர்ந்து தட்டையான உச்சி வர வேண்டுமானால் ஒவ்வொரு முனையின் கோணமும் 60 டிகிரி. ஆறும் சேர்ந்து 360. கோணம் குறைந்தால் உச்சியில் கொம்பு முளைத்தது போலக் கூர் நிற்கும், கூடினால் துணி மிஞ்சிச் சுருங்கும். காகிதத்தில் கோணமானி வைத்தே பார்த்துவிடுங்கள். மெக்கானிக் தொப்பிகளில் கூடு சற்றுத் தாழ்வாக, தலையை ஒட்டி உட்கார வேண்டும், பேஸ்பால் தொப்பி மாதிரி முன்பக்கம் நிமிர்ந்து நிற்கக் கூடாது. உயரம் அதிகமாகத் தெரிந்தால் அடியில் உள்ள நேர் பகுதியைக் குறையுங்கள், வளைவைத் தொடாதீர்கள்.

சுற்றிலும் தையலுக்கு 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் நடுக்கோடும் துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு இழையோடு நேராகப் போக வேண்டும். மீன்முள் கோடுகளைத் துண்டுக்குத் துண்டு பொருத்த மெனக்கெட வேண்டியதில்லை. துணியை அடுக்கி மொத்தமாக வெட்டிய வேலை அது, பொருத்தம் அதிகமாகிவிட்டால்தான் சந்தேகம் வரும். நல்ல துணியில் கை வைக்கும் முன் ஒரு பழைய படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்துத் தலையில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்க எல்லாருக்கும் ஆசை வரும். குதிக்காதீர்கள்.

கூட்டைத் தைப்பது

மூன்று துண்டுகளை இணைத்து இடது பாதி, மூன்றை இணைத்து வலது பாதி. அடியிலிருந்து உச்சியை நோக்கித் தையுங்கள், உச்சிக்கு ஒரு செ.மீ. முன்பாக, தையல் கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே நிறுத்திப் பூட்டுத்தையல் போடுங்கள். தையல் நீளம் 2.5 மி.மீ., அங்குலத்துக்குப் பத்துத் தையல். அதைவிட நெருக்கமாக வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் ராணுவ வேலை மாதிரி இருக்காது.

ஒவ்வொரு தையலையும் விரித்து, சுருட்டிய குளியல் துண்டின்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வளைவான தையலைத் தட்டையான மேஜையில் போட்டுத் தேய்த்தால் வளைவு போய்விடும். அப்புறம் உள்பக்கம் பருத்தி நாடாவைத் தையல்மேல் வைத்து, வெளியிலிருந்து தையலின் இரண்டு பக்கமும் 3 மி.மீ. தள்ளி மேல்தையல் ஓட்டுங்கள். இரண்டு மேல்தையலையும் ஒரே திசையில், அடியிலிருந்து உச்சிக்கு ஓட்டினால் துணி முறுக்காது.

கடைசித் தையல் முன்நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பின்தலைக்கு ஒரே ஓட்டமாகப் போகும். உச்சியில் இரண்டு பாதியின் தையலும் எதிரெதிரே சந்திக்க வேண்டும். அங்கே குண்டூசி குத்தி, முதலில் கையால் நாலு தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு பிறகு மிஷினில் ஓட்டுவது பாதுகாப்பு. ஒரு மி.மீ. தள்ளினாலும் மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியும். அந்த நீண்ட தையலுக்கும் நாடா, மேல்தையல் உண்டு.

காற்றுக் கண்கள் வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே, பக்கத் துண்டுகளில், உச்சிக்கு ஐந்து செ.மீ. கீழே போட்டுவிடுங்கள். மாதிரியில் உலோகக் கண் இருந்தால் உலோகம், நூல் கண் இருந்தால் நூல். மாதிரியில் இல்லாவிட்டால் வேண்டாம்.

முன்மடல்

தொப்பியின் முகமே இதுதான். அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மடலின் உள்வளைவு கூட்டின் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 19 செ.மீ. சுமார். நடுவில் நீளம் குட்டை மடலுக்கு 6 செ.மீ., பி-1 பாணிக்கு இன்னும் நீளமாக. உள்வளைவைத் தலையின் வளைவுக்குச் சமமாக வெட்டினால் மடல் தட்டையாக முன்னால் நீட்டும். அதைவிட நேராக வெட்டினால் மடல் கீழே சாயும். மெக்கானிக் தொப்பிக்கு லேசான சாய்வு போதும். காகித மடலை ஒட்டுநாடாவால் மாதிரிக் கூட்டில் ஒட்டிக் கண்ணாடியில் பாருங்கள், மூன்று வளைவில் வெட்டி ஒப்பிட்டால் எது சரி என்று கண்ணே சொல்லிவிடும்.

மேல்துணி ஒன்று, அடித்துணி ஒன்று, நடுவில் இரண்டு மூன்று அடுக்குக் கேன்வாஸ். கேன்வாஸைக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தகடு வேண்டவே வேண்டாம், அது மடங்காது. அசல் மடலைப் பையில் திணிக்கலாம், மேலே திருப்பிவிடலாம், படங்களில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கேன்வாஸுக்குத் தையல் விடாமல் வெட்டுங்கள், இல்லாவிட்டால் வெளியோரம் குண்டாகிவிடும். மேல்துணியும் அடித்துணியும் நல்ல பக்கம் சேர வைத்து வெளிவளைவைத் தைத்து, மிச்சத் துணியை 4 மி.மீ.க்கு நறுக்கி, தையலில் வெட்டு விழாமல் சிறு முக்கோணங்கள் எடுத்துத் திருப்பி, கேன்வாஸை உள்ளே நுழையுங்கள்.

இனி வரிசைத் தையல். முதல் வரி வெளியோரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே. அடுத்தடுத்த வரிகள் 6 மி.மீ. இடைவெளியில், வெளியிலிருந்து உள்நோக்கி. திசையை மாற்றிவிடாதீர்கள். மிஷினின் பாதம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டே போகும், வெளியிலிருந்து உள்ளே வந்தால் அந்தத் தள்ளல் தலைப்பக்கம் சேர்ந்து, வெட்டி எறியும் இடத்துக்குப் போய்விடும். உள்ளிருந்து வெளியே போனால் ஓரத்தில் பை மாதிரி உப்பும். மிஷின் பாதத்தின் அகலத்தையே அளவுகோலாக வைத்து முன்வரியைத் தொட்டுக்கொண்டு ஓட்டுங்கள். சாக்பீஸில் வரைந்து அதன்மேல் ஓட்டுவதைவிட இது நேராக வரும். எல்லா வரியும் முடிந்ததும் மடலைக் கையால் இரண்டு பக்கமும் வளைத்துப் பழக்குங்கள்.

கூட்டியமைப்பு

மடலின் நடுப்புள்ளியையும் கூட்டின் முன்தையலையும் பொருத்தி, நல்ல பக்கங்கள் பார்த்துக்கொள்ளும்படி, நடுவிலிருந்து ஒரு பக்கம், மறுபடி நடுவிலிருந்து மறுபக்கம் என்று தையுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினால் மடல் ஒரு பக்கமாக ஏறிவிடும்.

உள்பட்டிக்கு 6 செ.மீ. அகலத் துணியைக் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டி, நீளவாக்கில் மடித்து 3 செ.மீ. ஆக்குங்கள். அதன் சுற்றளவு கூட்டைவிட 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் தலையைப் பிடிக்கும். பட்டியை மடலுக்கு மேலாக வைத்துச் சுற்றிலும் தைத்து, உள்ளே திருப்பி, கூட்டின் அடியோரத்தில் வெளியிலிருந்து ஒரு மேல்தையல். மடல் இருக்கும் இடத்தில் ஆறேழு அடுக்குத் துணி சேரும், அங்கே மிஷினைக் கையால் சுற்றி மெதுவாகக் கடத்துங்கள். பட்டியின் இணைப்பு பின்தலைத் தையல்மேல் வந்தால் நெற்றியில் உறுத்தாது.

லேபிளும் அடையாளமும்

இங்கே என் கருத்து கறாரானது. தொப்பி எவ்வளவு நன்றாக வருகிறதோ அவ்வளவு தெளிவாக 'இது புதிதாகத் தைத்தது' என்று அதிலேயே இருக்க வேண்டும். உள்பட்டியைப் பொருத்தும் முன்பே கூட்டின் உள்பக்கம், பட்டி மறைக்கும் இடத்தில், உங்கள் பெயரையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். பிரித்தால் ஒழிய அழிக்க முடியாது. நீங்கள் ஏமாற்ற மாட்டீர்கள், ஆனால் உங்களுக்கு அப்புறம் மூன்றாவது கைக்குப் போகும்போது யார் என்ன சொல்லி விற்பார்கள் என்று சொல்ல முடியாது.

லேபிள் வேண்டுமென்றால் பருத்தி நாடாவில் பழைய அமைப்பிலேயே அச்சிடலாம்: பொருளின் பெயர், வகை, அளவு. உண்மையான ஒப்பந்த எண்ணை அப்படியே போடாமல், அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். வீரர்களின் சலவைக் குறி ஒன்று உண்டு, கடைசிப் பெயரின் முதலெழுத்தும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் சேர்ந்தது. அசலில் அது ஒரு மனிதரின் அடையாளம். அழகுக்காகக் கற்பனையாக எழுதிவைப்பதை நான் செய்வதில்லை.

பழசாக்க ஒரே வழி உபயோகம். மண் தேய்ப்பது, உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்ப்பது எல்லாம் தேய்மானத்தைத் தப்பான இடத்தில் கொண்டுவரும். உண்மையில் தேய்வது மடலைப் பிடித்துத் தூக்கும் விரல் படும் இடம், நெற்றிப் பட்டி, உச்சி. வெயிலில் காயப்போட்டுப் போட்டுத் துவைத்தால் ஒரு கோடையில் போதுமான அளவு வெளுத்துவிடும்.

செம்மறித்தோலும் கிரஷரும்

பி-2 பாணிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் மட்டும். தோலைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தோல்பக்கம் மேலே இருக்க, பிளேடால் தோலை மட்டும் கீறி, முடியைக் கையால் பிரித்தெடுங்கள், அப்போதுதான் ஓரத்தில் முடி மொட்டையாகத் தெரியாது. குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கும், கிளிப் போடுங்கள். தோல் ஊசி, 4 மி.மீ. தையல் நீளம். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கிரஷர் வேண்டுமென்றால் அசல் சீருடைத் தொப்பியைக் குடைய வேண்டாம். பின்னாளைய தொப்பி அல்லது ரீப்ரோவில் வளையத்தைக் கழற்றி, ஆவி காட்டி, இரண்டு பக்கமும் கையால் அழுத்தி, துணியைச் சுற்றிக் கட்டி உலரவிட்டால் போதும்.

அசலைச் சேகரிப்பது

அசல் என்று சொல்லி விற்கப்படுவதைக் கையில் எடுத்ததும் பேட்ஜைப் பார்க்காமல் உள்ளே திருப்புங்கள். காலம் பொய் சொல்லாத இடங்கள் சில உண்டு. வெல்குரோ இருந்தால் அது 1950-களுக்குப் பிந்தியது. துவைக்கும் முறை சொல்லும் குறிகள் இருந்தால் இன்னும் பிந்தியது. லேபிளில் டிஎஸ்ஏ என்று இருந்தால் 1961-இல் உருவான ராணுவக் கொள்முதல் அமைப்பின் எழுத்து. 13 இலக்க இருப்பு எண் இருந்தால் 1970-களிலோ அதற்குப் பிறகோ வந்தது. போர்க்கால விமானப்படை ஒப்பந்தங்கள் பலவற்றில் 'டபிள்யூ535 ஏசி' என்று தொடங்கும் எண் வரும், டேட்டனின் ரைட் ஃபீல்டில் இருந்த கொள்முதல் பிரிவின் எண் அது. ஆனால் அதையும் ரீப்ரோ செய்பவர்கள் அச்சிடுகிறார்கள் என்பதால் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நூலில் ஒரு துளி, உள்ளே தொங்கும் முனை இருந்தால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கருப்பு ஒளி (புற ஊதா) விளக்கில் பளீரென்று நீலமாகத் தெரிந்தால் நவீன வெளுப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அசலையே யாராவது போன வருஷம் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும், அதனால் அது தீர்ப்பு சொல்லாது. நான் அதிகம் நம்புவது உள்பட்டியை விரலால் விலக்கிப் பார்க்கும் நிறத்தை. வெயில் படாத அந்த இடத்தில் துணி கருமையாகவும் வெளியே வெளுத்தும் இருக்க வேண்டும், எல்லையும் மெதுவாக மாற வேண்டும். உள்ளும் வெளியும் ஒரே மாதிரி 'பழுப்பாக' இருந்தால் சாயத் தொட்டியில் முக்கியது.

ஜெர்மன் விமானப்படைத் தொப்பிகளில் ஸ்வஸ்திகா இருக்கும். ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் முன் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீப்ரோக்களைச் சேகரிப்பது

இதுவும் தனிச் சேகரிப்புதான், தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. ஜப்பானில் டோயோ என்டர்பிரைஸ் நிறுவனம் 1993-இல் தொடங்கிய பஸ் ரிக்சன்ஸ், அதேபோல தி ரியல் மெக்காய்ஸ் போன்றவர்கள் துணியையே பழைய முறையில் நெய்து, நூலையும் ஐலெட்டையும் காலத்துக்கேற்ப வைத்துத் தைக்கிறார்கள். நீங்கள் தைத்துப் பழகிய பிறகு இவற்றைக் கையில் எடுத்தால் அருமை புரியும். மடலின் வரிகளை எண்ணுங்கள், உச்சிப் புள்ளியைப் பாருங்கள், நாடாவின் முனை எங்கே மறைந்திருக்கிறது என்று தேடுங்கள். விலை குறைவான ரீப்ரோக்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் சிக்கும்: பிளாஸ்டிக் மடல், பாலியஸ்டர் நூல், உயரமான பேஸ்பால் கூடு. முதல் இரண்டையும் பிரித்துச் சரிசெய்யலாம். மூன்றாவதைச் சரிசெய்ய முடியாது, விட்டுவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை வையுங்கள்: யார் தைத்தது, எந்த ஆண்டு, துணி, சைஸ், எங்கே வாங்கியது, என்ன பழுது பார்த்தது. அசலும் ரீப்ரோவும் ஒரே அலமாரியில் இருந்தால் இந்த அட்டை இல்லாமல் பத்து வருஷத்தில் உங்களுக்கே குழப்பம் வரும்.

பாதுகாத்து வைப்பது

ரீப்ரோவைத் தயங்காமல் துவைக்கலாம், குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, கிண்ணத்தின்மேல் கவிழ்த்து உலர்த்தல். அசலைத் துவைக்காதீர்கள், வியர்வைக் கறையும் அதன் சான்றுதான். அமிலமில்லாத காகிதத்தைக் கசக்கிக் கூட்டுக்குள் வைத்து, அட்டைப்பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரப்பதம் ஐம்பது சதத்தை ஒட்டி, அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும். காட்சிக்கு வைப்பதென்றால் நேர் வெயில் கூடாது, அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. தோலுக்கு எண்ணெய் தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. பழைய தோலில் அது வேண்டாம், நாளடைவில் கறுத்துப் பிசுபிசுக்கும்.

கம்பளி முடி உள்ள தொப்பி புதிதாக வீட்டுக்கு வந்தால் மற்றவற்றோடு சேர்க்கும் முன் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பாலித்தீன் பையில் காற்றை நீக்கி இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த முடியின்மேல் ஈரம் படிந்து, பூச்சிக்குப் பதிலாகப் பூஞ்சை வந்து சேரும்.